ஊருக்கு வந்து திரும்பும்போது: புதுச்சேரி, கடலூர் உறவுகளிடம் முறையாக விடைபெறுவது

பிரான்ஸ், சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா என்று எங்கிருந்து வந்தாலும், ஒன்றிரண்டு மாதம் தங்கிவிட்டுக் கிளம்புகிற குடும்பங்களில் ஒரே குளறுபடிதான் நடக்கிறது. விடைபெறும் வேலை மொத்தமும் கடைசி நாளில் வந்து குவிகிறது. பெட்டி பாதி அடுக்கிய நிலையில் கூடத்தில் கிடக்கும். வாசலில் செருப்பு குவிந்திருக்கும். வருகிறவர்களுக்குக் காபி போட்டே அம்மாவுக்குப் பொழுது போய்விடும். கடைசியில் யாரை விட்டுப் பிரிவதுதான் பெரிய துயரமோ, அந்த அம்மாவோடும் அப்பாவோடும் உட்கார்ந்து பேச ஐந்து நிமிடம் கிடைக்காமல் வண்டி ஏற வேண்டியிருக்கும்.

இதைத் தவிர்க்க ஒரே வழிதான் உண்டு. வெளி உறவுகளிடம் சொல்லிக்கொள்வதைக் கிளம்பும் நாளுக்கு மூன்று நாள் முன்பே முடித்துவிட வேண்டும். அதற்கு அடுத்த நாள் பெட்டிக்கு. கடைசி ஒன்றரை நாள் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும். இதற்குப் பத்து நாள் முன்பே திட்டம் வேண்டும்.

முதலில் தேதியைச் சரியாகச் சொல்லுங்கள்

சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் பல நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் வியாழன் 1.50 என்று இருந்தால், வீட்டைவிட்டுக் கிளம்புவது புதன் மாலை. சொந்தக்காரர்களிடம் "வியாழக்கிழமை ஃபிளைட்" என்று சொல்லிவிட்டால், புதன் இரவு சாப்பாட்டுக்கு உங்களை எதிர்பார்த்துச் சமைத்து வைப்பார்கள். வியாழன் காலை வழியனுப்ப வந்து பூட்டிய கதவைப் பார்ப்பவர்களும் உண்டு. வயதான ஒரு அத்தைக்கு இப்படி நேர்ந்தால் அந்த மனத்தாங்கல் லேசில் போகாது. ஆகவே விமானத்தின் நாளையே சொல்லாதீர்கள். "புதன்கிழமை சாயங்காலம் வீட்டிலிருந்து கிளம்புறோம்" என்று மட்டும் எல்லாரிடமும் ஒரே மாதிரி சொல்லுங்கள். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவிலும் அதையே போடுங்கள்.

யார் வீட்டுக்கு, எந்த வரிசையில்

ஒரு தாளில் எல்லாரையும் எழுதி மூன்றாகப் பிரியுங்கள்: நேரில் போயே ஆக வேண்டியவர்கள், அவர்களே நம் வீட்டுக்கு வரக்கூடியவர்கள், போனில் சொன்னால் போதுமானவர்கள். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, தாய்மாமன், சம்பந்தி வீடு, நடக்க முடியாத முதியவர்கள் ஆகியோர் முதல் பிரிவு. இதில் சுருக்கம் கூடாது. கணவன் பக்கம் நான்கு வீடு போனால் மனைவி பக்கமும் ஏறத்தாழ அவ்வளவு வீடு போக வேண்டும். வெளியே சொல்லாவிட்டாலும் இதை எல்லாரும் கணக்கு வைத்திருப்பார்கள்.

ஒரு நாளில் நான்கு வீடுதான் தாங்கும். காலை பத்திலிருந்து பன்னிரண்டரைக்குள் இரண்டு, மாலை நாலரையிலிருந்து ஏழரைக்குள் இரண்டு. ஒன்றிலிருந்து நாலு மணிவரை முதியவர்கள் கண்ணயரும் நேரம். அப்போது போய் எழுப்பினால் அவர்களுக்கு அன்று முழுவதும் தலைவலி.

வீடுகளைச் சாலை வாரியாகக் கட்டுங்கள். புதுச்சேரியிலிருந்து தெற்கே போகிற நாளில் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், உள்ளே தள்ளி பாகூர் என்று முடித்துக்கொண்டு திரும்பலாம். கடலூர்ப் பக்கம் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி எல்லாம் ஒரே ஓட்டத்தில் வரும். சிதம்பரம், பரங்கிப்பேட்டைக்குத் தனி நாள் வேண்டும். வில்லியனூரும் அதைத் தாண்டிய ஊர்களும் இன்னொரு நாள். புதுச்சேரி நகருக்குள் இருக்கும் வீடுகளைச் சனி, ஞாயிறு மாலையில் வைத்துக்கொள்ள வேண்டாம். சுற்றுலா வண்டிகளில் கடற்கரையை ஒட்டிய தெருக்கள் அடைத்துக்கிடக்கும். முத்தியால்பேட்டையிலிருந்து உப்பளம் போவதற்குள் ஒரு வீட்டுக்கான நேரம் போய்விடும்.

அண்ணன் தம்பி இருவரும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால், இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் போங்கள். முதலில் அங்கே போனான், நமக்கு மூன்று நாள் கழித்து வந்தான் என்ற பேச்சு எழாது. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகாதீர்கள். சமாதானம் செய்து வைக்கும் எண்ணம் இருந்தால் அதை வந்த முதல் வாரத்தில் தொடங்கியிருக்க வேண்டும். கிளம்பும் வாரத்தில் தொடங்கினால் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஏறுவீர்கள், இருந்த புண் இன்னும் பெரிதாகும்.

மனை, பாகப்பிரிவினை, கொடுத்த கடன் பற்றிய பேச்சுக்கும் இதுவே விதி. விடைபெறப் போன வீட்டில் அதை எடுக்கவே கூடாது. அவர்களாக எடுத்தால், "இதுக்குன்னு தனியா போன்ல உக்காந்து பேசலாம் சித்தப்பா" என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

துக்கம் நடந்த வீடு

நீங்கள் வெளிநாட்டில் இருந்தபோது யாராவது தவறியிருந்தால், அந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போவது வந்த முதல் சில நாட்களிலேயே முடிந்திருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் அதற்கென்று தனியாக ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். விசாரிப்பதையும் விடைபெறுவதையும் ஒரே வருகையில் சேர்த்தால் அந்த வீட்டுக்காரர்களுக்கு அது அவமரியாதையாகப் படும். துக்கம் கேட்டுவிட்டு எழும்போது "போய்ட்டு வரேன்" என்று சொல்வதில்லை. பேசாமல் தலையசைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். குழந்தைகளுக்கு இதை வண்டியிலேயே சொல்லி வையுங்கள். பழக்கத்தில் கையசைத்துச் சொல்லிவிடுவார்கள்.

ஒரு வீட்டில் ஒரு மணி நேரம்

முந்தைய நாளே போன் செய்து, எத்தனை மணிக்கு வருகிறோம், எத்தனை பேர், சாப்பிடப்போகிறோமா இல்லையா என்ற மூன்றையும் சொல்லுங்கள். சொல்லாமல் போனால் கட்டாயம் சமைத்து வைத்திருப்பார்கள். மறுத்தால் வருத்தம், சாப்பிட்டால் அடுத்த வீட்டில் வருத்தம். ஒரு நாளைக்கு ஒரே வீட்டில் சாப்பாடு என்று வைத்துக்கொண்டு மற்ற வீடுகளில் "காபி மட்டும் குடுங்க அத்தை, உக்காந்து பேசணும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

பழம், பூ, வெற்றிலைப் பாக்கோடு போவது போதும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சாக்லேட், வாசனைத் திரவியம் எல்லாம் வந்தவுடனேயே கொடுத்திருக்க வேண்டிய பொருள்கள். மிஞ்சியதைக் கடைசி வாரத்தில் விநியோகித்தால், கழித்துக்கட்டுகிறார்கள் என்றுதான் தோன்றும். போட்டுப் பழகிய சட்டை, குழந்தைக்குச் சிறுத்துப்போன துணி கொடுப்பதாக இருந்தால், வேண்டுமா என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் தனியாகக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். நாலு பேர் பார்க்க நீட்டாதீர்கள்.

உள்ளே நுழைந்ததும் சொல்லிக்கொள்ளத்தான் வந்திருக்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் அவர்கள் சொல்ல நினைத்ததைச் சொல்லத் தொடங்குவார்கள். கிளம்பும்போது வாசலில் சொன்னால், அதன்பிறகு வாசலிலேயே முக்கால் மணி நேரம் நிற்க வேண்டி வரும். எழுவதற்குப் பத்து நிமிடம் முன்பாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு ஆசீர்வாதம். பெரியவர்களைத் தம்பதியாகக் கிழக்கு பார்த்து நிற்கச் சொல்லி விழுந்து கும்பிட்டு, விபூதி குங்குமம் வாங்கிக்கொண்டால் விடைபெறுதல் அழகாக முடியும். கிறிஸ்தவக் குடும்பங்களில் மூத்தவர் நெற்றியில் சிலுவை போட்டு ஒரு சின்ன ஜெபம் சொல்வார். முஸ்லிம் வீடுகளில் துஆ கேட்டு, சலாம் சொல்லிப் பிரிவார்கள். மாப்பிள்ளையோ மருமகளோ வேறு சமயமாக இருந்தால், அந்த வீட்டில் எது வழக்கம் என்று முன்பே சொல்லிக் கூட்டிப்போவது உங்கள் பொறுப்பு.

கணவரை இழந்த பாட்டியோ அத்தையோ அந்த வீட்டில் இருந்தால், வழியனுப்பும் நேரத்தில் அவர்களாகவே பின்கட்டுக்குப் போய்விடுவார்கள். எதிரே வரக்கூடாது என்று யாரோ எப்போதோ சொல்லி வைத்தது. தயவுசெய்து இதை நடக்கவிடாதீர்கள். உள்ளே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, முதல் விபூதியை அவர்கள் கையால் வாங்கிக்கொள்ளுங்கள். கூடத்தில் யாராவது முகம் சுளித்தாலும் பரவாயில்லை. இத்தனை வருடம் உங்களுக்காக நேர்ந்துகொண்டவர் அவர்.

பணம் கொடுப்பது, வாங்குவது

வேலைக்கார அம்மா, கார் ஓட்டியவர், தெருக்கோடி இஸ்திரிக்காரர், பக்கத்து வீட்டில் சாவி வைத்திருப்பவர், கோயில் குருக்கள் என்று பட்டியல் போட்டு, ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய மொய்க்கவர்களில் பெயர் எழுதித் தயாராக வையுங்கள். 101, 501, 1001 என்பதே வழக்கம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, தனித்தனியாகக் கூப்பிட்டுக் கொடுங்கள். கடைசி நேரத்தில் சில்லறை இல்லாமல் ஒருவருக்குக் கூடவும் ஒருவருக்குக் குறையவும் கொடுத்தால், நீங்கள் போன பிறகு உங்கள் அம்மாதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அக்கா பிள்ளைகளுக்கும் தங்கை பிள்ளைகளுக்கும் தொகை ஒன்றாக இருக்கட்டும்.

வாங்குகிற பக்கமும் ஒன்று உண்டு. பெரியவர்கள் பிள்ளைகள் கையில் ஐந்நூறும் ஆயிரமுமாக வைத்து அழுத்துவார்கள். பத்துப் பன்னிரண்டு வீட்டில் சேர்ந்தால் பெருந்தொகை ஆகிவிடும். இந்தியாவிலிருந்து வெளியே போகும்போது ஒருவர் 25,000 ரூபாய் வரைதான் இந்தியப் பணமாகக் கொண்டுபோகலாம். மீதியை உங்கள் என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாட்டில் வாழ்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) போட்டுவிடுங்கள், அல்லது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பாட்டி புது நகை கொடுத்தால் பில்லையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் போகிறவர், 430 யூரோவுக்கு மேல் மதிப்புள்ள பொருள் கொண்டுவந்தால் சுங்கத்தில் சொல்ல வேண்டும். பிரான்ஸில் பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு 150 யூரோதான் வரம்பு.

பெட்டியும் பலகாரமும்

அன்பு எல்லாம் கடைசியில் கிலோக்கணக்கில்தான் வந்து சேரும். சாம்பார்ப் பொடி, தாளிப்பு வடகம், மோர் மிளகாய், பண்ருட்டி முந்திரி, கடலூர்க் கருவாடு, பித்தளைக் குத்துவிளக்கு, தாம்பூலத்தில் வந்த பத்துப் புடவை. கொக்கியில் மாட்டும் சின்ன மின்தராசு ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஒரு பெட்டிக்கு 23 கிலோ அனுமதி என்றால் 22-இல் நிறுத்துங்கள். ஒரு பெட்டியில் மட்டும் மூன்று கிலோ காலியாக விட்டு வையுங்கள். கடைசி நாளில் கண்டிப்பாக யாராவது ஒரு தூக்கு முறுக்கோடு வருவார்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதைவிட, அவர்கள் கண்முன்னே பெட்டியைத் திறந்து உள்ளே வைப்பது எவ்வளவோ மேல். பணம் கட்டினாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது.

எதைக் கொண்டுபோகலாம் என்பது போகிற நாட்டைப் பொறுத்தது. இதை முன்கூட்டியே சொந்தங்களிடம் சொல்லிவிட்டால், அவர்கள் இராப்பகலாகச் செய்த பண்டம் விமான நிலையக் குப்பைத் தொட்டிக்குப் போகாது.

பிரான்ஸ் முதலான ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இறைச்சியும் பால் பொருள்களும் கூடாது. நெய், பால்கோவா, பால் சேர்ந்த இனிப்பு எதுவும் வேண்டாம். பிரிட்டனிலும் அப்படித்தான். ஆனால் காய்ந்த மீனுக்கு அனுமதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை. ஆகவே பாரீஸில் இருக்கும் மகளுக்குப் பால்கோவா கொடுப்பதைவிட நெத்திலிக் கருவாடு கொடுப்பதே சரி. பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், கொய்யா போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், வீட்டிலிருந்து கொண்டுபோக முடியாது. வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை.

அமெரிக்கா போகிறவர்கள் அரிசியும் கொண்டைக்கடலையும் எடுக்கக்கூடாது. காப்ரா வண்டு என்ற தானியப் பூச்சிக்காக வைத்த தடை அது. கறிவேப்பிலை அங்கேயும் கூடாது. துபாய், அபுதாபி போகிறவர்கள் கசகசாவைத் தொடவே கூடாது. அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வரும், சிறைவரை போகும் விஷயம். மசாலாப் பொடி அரைக்கும்போதே கசகசா சேர்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். வெற்றிலைக்கும் அங்கே தடை. எந்த நாடானாலும் தாம்பூலப் பையிலிருந்து வெற்றிலையையும் பழத்தையும் எடுத்து வீட்டுச் சாமி முன்னால் வைத்துவிட்டு, மஞ்சள் குங்குமத்தை மட்டும் கொண்டுபோவது நல்லது.

கொப்பரைத் தேங்காயை விமானத்தில் ஏற்கமாட்டார்கள். எண்ணெய்ப்பசை மிகுதியால் அது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. ஊறுகாய், நெய், மிளகாய்ப்பொடி, தைலம் எதையும் கைப்பையில் வைக்காதீர்கள். பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போடக்கூடாது.

கருவாட்டை நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் மறுபடி காயவைத்து, ஆறிய பிறகுதான் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும், வாசனையும் கிளம்பும். முதலில் செய்தித்தாள், அதன்மேல் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பை, அதன்பின் மூடி இறுகிய டப்பா, டப்பாவின் வாய்க்கு டேப். ஊறுகாய் என்றால் எண்ணெய் மேலே நிற்காமல் வடித்துவிட்டு, பாட்டில் வாயில் பிளாஸ்டிக் தாள் வைத்து மூடுங்கள். பட்டுப்புடவை இருக்கிற பெட்டியில் இந்த இரண்டுமே வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். "அங்க இருக்கிற என் பையனுக்கு இத மட்டும் குடுத்துடுப்பா" என்று ஒட்டிய பார்சல் வந்தால், அவர்கள் எதிரிலேயே பிரித்துப் பார்த்து, உங்கள் கையாலேயே மறுபடி கட்டுங்கள். மருந்து என்றால் டாக்டர் சீட்டின் நகல் இல்லாமல் வாங்காதீர்கள். "ஏர்போர்ட்ல யார் கட்டினதுன்னு கேப்பாங்க அத்தை" என்றால் அவர்களுக்கும் புரியும்.

தாத்தா, பாட்டி, படுக்கையில் இருப்பவர்கள்

தொண்ணூறைத் தொட்ட பெரியவர், நோயில் கிடப்பவர் ஆகியோரிடம் விடைபெறும்போது, அடுத்த முறை இவர்களைப் பார்ப்போமா என்ற எண்ணம் இரண்டு பக்கமும் இருக்கும். இந்த வீட்டுக்குக் கும்பலாகப் போகாதீர்கள். குழந்தைகளோடு ஒரு தடவை போய் வந்துவிட்டு, நீங்கள் மட்டும் இன்னொரு நாள் தனியாகப் போங்கள். காலை பத்து மணி வாக்கில் அவர்கள் தெளிவாக இருப்பார்கள். அருகில் கட்டிலிலேயே உட்காருங்கள். காது மந்தமானவரிடம் கத்திப் பேசுவதைவிட, நன்றாகக் கேட்கிற பக்கம் உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் கேட்கும்.

நகம் வெட்டிவிடுவது, காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவது, ஒரு வாய் ஊட்டிவிடுவது என்று கைவேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு தானாக வரும். அவர்களுடைய சின்ன வயதைக் கேளுங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1954 நவம்பரில் ஆட்சி கைமாறியதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இன்று எழுபத்தைந்துக்கு மேல் வயது. சம்மதம் கேட்டு, போனில் பத்துப் பதினைந்து நிமிடக் குரல்பதிவு எடுங்கள். வீடியோவைவிடக் குரல்பதிவில்தான் முதியவர்கள் கூச்சமில்லாமல் பேசுவார்கள்.

நன்றி சொல்ல வேண்டியது, மன்னிப்புக் கேட்க வேண்டியது எதுவானாலும் இங்கே சொல்லிவிடுங்கள். "அடுத்த பொங்கலுக்கு வந்துடுவேன் தாத்தா" என்று முடியாத வாக்குக் கொடுக்காதீர்கள். அவர்கள் காலண்டரில் குறித்துவைத்துக் காத்திருப்பார்கள். "ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன்ல கூப்பிடுவேன்" என்று செய்யக்கூடியதைச் சொல்லுங்கள், அதைச் செய்யுங்கள். அவர்கள் அழுதால் "அழாதீங்க" என்று அடக்க வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும்.

மறதி நோய் உள்ளவர்களுக்கு முறை வேறு. பத்து நாள் முன்பே சொன்னால் ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்டுப் புதிதாக வருந்துவார்கள். அவர்களிடம் கிளம்பும் நாளன்று சுருக்கமாகச் சொன்னால் போதும்.

குழந்தைகளுக்கு

குழந்தைக்கு மூன்று நாள் முன்பே சொல்லுங்கள். தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைப்பது தவறு. விழித்ததும் பாட்டியைக் காணாமல் அழுவது பல நாள் நீடிக்கும். அத்தை பிள்ளை, மாமா பிள்ளைகளோடு ஒரு பொருளை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆளுக்கொரு விளையாட்டுப் பொருளை மற்றவரிடம் விட்டுப் போனால், பிரிவு அவர்களுக்குப் பிடிபடுகிறது. மாடு, நாய், கொல்லையில் வைத்த செடி என்று எல்லாவற்றிடமும் சொல்லிக்கொள்ளக் கடைசிக் காலைப்பொழுதில் அரை மணி ஒதுக்குங்கள்.

நாளும் நேரமும்

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் சென்னை வடக்கே இருக்கிறது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். அந்த இரண்டு நாளில் கிளம்பினால் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை அனுப்ப மனம் வராது. டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. எடுத்தாகிவிட்டால், வடக்குச் சூலத்துக்குப் பரிகாரமாகப் பால் குடித்துவிட்டுக் கிளம்பச் சொல்வார்கள். இன்னொரு வழி, முந்தைய நல்ல நாளில் ஒரு கைப்பையை மட்டும் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, போகும்போது எடுத்துக்கொள்வது. உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் செய்யுங்கள். உங்களை அனுப்பிவிட்டு அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்க வேண்டியவர்கள் அவர்கள்.

மாலையில் கிளம்புவோருக்கு இடிக்கிற ராகுகாலம் இரண்டுதான்: செவ்வாய் 3 முதல் 4.30, ஞாயிறு 4.30 முதல் 6. வெள்ளி மாலை 3 முதல் 4.30 வரை எமகண்டம். விளக்கு வைக்கிற ஆறு மணியைத் தாண்டவிடாமல் ஐந்தேகாலுக்குள் வாசல்படி இறங்கிவிட்டால் யாருக்கும் குறை இருக்காது.

பாஸ்போர்ட், டிக்கெட், மருந்துப் பை மூன்றையும் படி இறங்குவதற்கு முன் கையால் தொட்டுப் பாருங்கள். மறந்து திரும்பி வந்தால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பவிடுவார்கள், அதில் கால் மணி நேரம் போகும்.

வண்டியில் யார் ஏறுவது

புதுச்சேரியிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மூன்று மூன்றரை மணி நேரம் ஆகும். கடலூரிலிருந்து இன்னும் முக்கால் மணி கூட. 1.50 விமானத்துக்கு இரவு பத்தரைக்குள் வாசலில் நிற்க வேண்டும். மாலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் வழியில் சாப்பிடவும் நெரிசலுக்கும் நேரம் இருக்கும். ஞாயிறு மாலையென்றால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள், ராகுகாலத்துக்கும் முன்பே இறங்கியதாகும். கிழக்குக் கடற்கரைச் சாலை சென்னை திரும்பும் வண்டிகளால் நிறையும், ஜி.எஸ்.டி. சாலையில் பரனூர் சுங்கச்சாவடியும் பெருங்களத்தூரும் அடைத்துக்கொள்ளும். நவம்பர், டிசம்பரில் பயணம் என்றால் புயல் எச்சரிக்கையைப் பார்த்து, தேவைப்பட்டால் ஒரு நாள் முன்பே சென்னை போய்த் தங்கிவிடுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையமே மூடியிருந்தது.

நாலு பேருக்கு ஆளுக்கு இரண்டு பெட்டி என்றால் எட்டுப் பெட்டி. அதோடு இன்னோவாவில் வழியனுப்ப மூன்று பேர் உட்கார முடியாது. யார் வருகிறார்கள் என்பதை இரண்டு நாள் முன்பே முடிவு செய்துவிடுங்கள். வண்டி வந்த பிறகு "நீ இறங்கு, நான் ஏறுறேன்" என்று வாசலில் நடக்கிற பேச்சு எல்லார் மனதையும் கெடுக்கும். வீட்டிலிருந்து ஒருவர், அதிகம் போனால் இருவர் போதும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள பெற்றோர் வீட்டு வாசலிலேயே விடைகொடுப்பது நல்லது. உங்களை விட்டுவிட்டு அவர்கள் திரும்புவது நள்ளிரவுக்குமேல். விடியலுக்கு முந்தைய மணிகளில்தான் ஓட்டுநருக்குக் கண் சொருகும். வழியனுப்ப வருபவர் இரவு சென்னையில் தங்கிவிட்டுக் காலையில் திரும்பட்டும், இல்லையென்றால் ஓட்டுநர் புறப்படுமுன் இரண்டு மணி நேரமாவது படுத்து எழட்டும். இந்தச் செலவை நீங்களே முன்கூட்டிக் கொடுத்துவிடுங்கள்.

விமான நிலைய வாசலில்

டிக்கெட் இல்லாதவர்கள் நுழைவாயிலோடு நின்றுவிட வேண்டும். வண்டி நிறுத்தும் இடத்தில் சில நிமிடம்தான் விடுவார்கள். ஆகவே கட்டிப்பிடித்து அழுவதெல்லாம் வண்டியை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடந்து வந்த பிறகு, வாசலை ஒட்டி ஓரமாக. பத்து நிமிடம் போதும்.

கூட வந்தவர் உடனே கிளம்பிவிடக்கூடாது. பெட்டி எடை கூடிவிட்டால் வெளியே எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க ஆள் வேண்டும். ஒரு துணிப்பையோடு முக்கால் மணி நேரம் காத்திருந்து, "பெட்டி போட்டாச்சு" என்று போன் வந்த பிறகு கிளம்பட்டும். குடியேற்றச் சோதனை தாண்டியதும் வீட்டுக்கு ஒரு குரல்செய்தி போடுங்கள். அம்மா தூங்காமல்தான் இருப்பார்.

போய்ச் சேர்ந்த பிறகு

இறங்கியதும் முதல் போன் பெற்றோருக்கு. பெரியப்பா, மாமா, அத்தைகளுக்கு மூன்று நாளைக்குள் ஒவ்வொரு போன்; எடுத்த படங்களைத் தனித்தனியாக அவரவருக்கு அனுப்புங்கள், குழுவில் மொத்தமாகக் கொட்டினால் யாரும் பார்ப்பதில்லை. போன் வைத்துப் பழகாத முதியவருக்குப் படத்தைக் கடையில் பிரிண்ட் போட்டுக் கொடுக்கச் சொல்லி, கிளம்பும்போதே தம்பியிடம் பணம் கொடுத்து வைக்கலாம்.

வாரம் ஒரு நேரத்தைக் குறித்து, அதை மாற்றாதீர்கள். குளிர்காலத்தில் பிரான்ஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை மணி நேரம். அங்கே வேலை முடிந்து இரவு ஏழுக்குக் கூப்பிட்டால் இங்கே பத்தரையோ பதினொன்றரையோ ஆகியிருக்கும், தாத்தா தூங்கியிருப்பார். ஞாயிறு அங்கே மதியம் ஒரு மணி என்பது இரண்டு பக்கமும் ஒத்துவரும்.

நீங்கள் போன முதல் வாரம்தான் அந்த வீட்டுக்குக் கடினம். இரண்டு மாதம் பேரப்பிள்ளைகள் ஓடிய கூடத்தில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஏழு நாளும் மாலையில் யாராவது எட்டிப் பார்க்கும்படி தங்கை, பக்கத்து வீட்டுப் பெண், அப்பாவின் நடைத்தோழர் என்று ஆள் பிரித்துச் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு மாத மருந்து, நிறைந்த கேஸ் சிலிண்டர், டாக்டர் எண் பெரிதாக எழுதிய தாள், போனில் ரீசார்ஜ் ஆகியவற்றைக் கிளம்பும் முன்பே சரிபார்த்துவிடுங்கள். இவற்றை அவர்கள் கேட்கமாட்டார்கள்.